அமைச்சர் வரும்வரை

நாற்காலியின் பின்னங்கால் ஒன்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பந்தல் போட்டவர்கள் தூசி அடங்கட்டும் என்று வாசலில் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. சென்னியப்பன் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். எழுந்து நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் அவர் எழுந்தால் பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். எம்.எல்.ஏ. நிற்கும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒன்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். கொல்லைப்பக்கம் போக எழுந்தால்கூட ஒரு கூட்டம் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொள்ளும். அதனால் சாய்ந்தபடியே இருந்தார். சாய்ந்திருப்பதும் ஒன்றும் கெட்டதாக இல்லை. எதிரே தெரு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உள்ளே கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிக்குள், அவர் மனைவி பாவாத்தாள் படுத்திருந்தாள். நேற்று மத்தியானம் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சாகப்போகிற நேரத்தில்கூட கேஸை வீணாக்காதவள் என்று அதில் ஒரு பெருமை. கேட்டவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். சென்னியப்பனும் கேட்டார். அவருக்கு மூக்கு சிந்த வரவில்லை. மூக்கு இருக்கிற இடமே தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதடு எப்படி இருக்குமோ அப்படி முகம் முழுக்க இருந்தது. உள்ளுக்குள் எங்கேயும் எதுவும் வலிக்கவில்லை. வலிக்காதது நல்லதா கெட்டதா என்று யோசித்தார். யோசனை பாதியில் நாற்காலிக் காலுக்குத் திரும்பிவிட்டது.

காலையில் மகள் சுகந்தி வந்து சொன்னாள். ஹைதராபாத்திலிருந்து ராத்திரி வண்டியில் கிளம்பி விடிந்ததும் வந்து சேர்ந்தவள், அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் குந்திக்கொண்டாள். ஒரே பிள்ளை. "அப்பா, மயானத்துல பன்னெண்டு மணிக்கு நேரம் வாங்கியிருக்குதுங்க. அதுக்குள்ள எடுத்தரலாங்ப்பா. நமக்கு அடுத்து வேற ஆளு இருக்குது, நம்ம நேரம் தவறுச்சுன்னா சாயங்காலம் ஆயிருமாம்." "ஆகட்டும் சாமி." "ஆகட்டும்னு சும்மா சொல்லாதீங்க. அம்மாளுக்குன்னு இந்த ஒண்ணயாச்சும் பண்ணுங்க. அப்பறம் நான் உங்களைய ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வழக்கமான விஷயமாக இருந்திருக்கும், இரண்டு கைகளையும் காட்டி அமர்த்தியிருப்பார். இவள் ஏதோ கணக்கை முடித்துக்கொள்ள வந்தவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். இதிலும் ஏமாற்றினால் இந்தப் பிள்ளை இனி இந்த வீட்டுப் படி ஏறாது என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. விளங்கியது, ஆனால் உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய பி.ஏ. குணசீலன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். "ஐயா, அமைச்சர் அண்ணனே நேர்ல வர்றாருங்களாம். அவரோட பி.ஏ. பேசினாருங்க. அண்ணன் வர்ற வரைக்கும் எடுக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாராமுங்க." அமைச்சர்தான் மாவட்டச் செயலாளரும். வேட்பாளர் பட்டியல் இந்த வாரக் கடைசியில் வருகிறது. செம்மாண்டபுரம் தொகுதியில் மூன்றாவது தடவையும் சென்னியப்பனா, இல்லை வேறு ஆளா என்பது அந்த ஒரு மனிதரின் வாய் அசைவில் இருக்கிறது. இதையெல்லாம் குணசீலன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "ஆகட்டும்" என்றார் சென்னியப்பன். ஒரு காதுக்கு ஓர் ஆகட்டும், இன்னொரு காதுக்கு இன்னோர் ஆகட்டும். இரண்டையும் ஒரே வாய் சொல்லியது. வாய்க்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

வெள்ளை வேட்டிகள் வந்துகொண்டே இருந்தன. மாலை, கும்பிடு, பெட்டியைச் சுற்றி ஒரு நடை, வெளியே வந்து அவர் கைகளைப் பிடித்தல். சென்னியப்பன் ஒவ்வொருத்தரையும் கவனித்தார். இந்தத் தொழில் அவருக்கு நன்றாகத் தெரியும். எழவு வீட்டில் எப்படி நுழைய வேண்டும், செருப்பை எங்கே விட வேண்டும், மூத்த மகன் யார் என்று குணசீலனிடம் எப்போது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அவர் காரின் டிக்கியில் எப்போதும் இரண்டு ரோஜா மாலை தயாராக இருக்கும். கோடையில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருப்பார்கள். இப்போது மற்றவர்கள் அவருக்குச் செய்ததைப் பார்த்து மனசுக்குள் மார்க் போட்டார். இவன் நல்லாப் பண்றான். இவன் அவசரப்படறான், இன்னொரு எழவுக்குப் போகணும் போல. இவன் என் கையைப் பிடிச்சிட்டு கேமராவைப் பார்க்கறான், தப்பு. ஒரு பெண் பெரிதாக ஒப்பாரி வைத்தபடி வந்து அவர் கையைப் பிடித்தாள். விட்டுவிட்டுப் போன பிறகு பார்த்தால் உள்ளங்கையில் நாலாக மடித்த மனு. விதவைப் பென்ஷன். "பார்க்கலாம், பி.ஏ.கிட்ட குடுங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்று தோன்றியது. அதைவிட மோசம் ஒன்று நடந்தது. பாவாத்தாளின் தம்பி காளியண்ணன், காங்கயத்திலிருந்து வந்து இறங்கி, தேம்பிக்கொண்டே அவர் தோளில் விழுந்தான். சென்னியப்பன் அவன் முதுகைத் தட்டினார். "மனசத் தேத்திக்குங்க. தைரியமா இருங்க. கழகத்தின் சார்பிலும் என் சார்பிலும் ஆழ்ந்த இரங்கல்" என்றார். காளியண்ணன் அழுகையை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தான். "மாமா, செத்தது எங்கக்கா. உங்க பொண்டாட்டி" என்றான். ஆமாம் என்று தலையாட்டினார். அவன் சொன்னது சரிதான். தகவலாகச் சரி. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சென்னியப்பனின் வாய் ஒரு காலத்தில் இப்படி இருந்ததில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். செம்மாண்டபுரம் கூட்டுறவு நகர வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக முடித்தவர். அங்கே 'ஆகாது' என்று சொல்வதில் பேர் வாங்கினவர். கடன் கேட்டு வருகிற ஆளை எதிரே உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, "இது ஆகாதுங்க, ஏன் ஆகாதுன்னு சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பிப்பார். கேட்டுவிட்டுப் போகிறவன் திட்டியதில்லை. சிலர் மறுபடி வந்து நல்ல வேளை அன்றைக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரில் எந்த வீட்டில் எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்த மருமகள் நகையை மாமியாருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்; வாயைத் திறக்க மாட்டார். அதனால்தான் கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் தொகுதி எனக்கு உனக்கு என்று மல்லுக்கு நின்றபோது, இருவருக்கும் இல்லாமல் யாருக்காவது கொடு என்று மேலிடம் சொல்ல, ரிட்டையராகி மாடியில் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மேனேஜரின் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. யாருக்கும் கெடுதல் செய்யாதவர், யாரும் பயப்பட வேண்டாதவர். அதுதான் தகுதி. அவர் தன்னுடைய நேர்மைக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்தார், பாவம். "ஏனுங்க, உங்களுக்கு இது ஆகுங்களா?" என்று மட்டும் கேட்டாள் பாவாத்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய 'ஆகாது' ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் தடவை ஜெயித்த பிறகு அந்தச் சொல்லே மறந்துபோயிற்று. "பேங்க்ல இருக்கறப்ப ஆகாதுன்னு சொல்லிப்போட்டு வந்து நல்லாத் தூங்குவீங்க. இப்ப எல்லாத்துக்கும் ஆகட்டும்ங்கறீங்க, ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுக்கறீங்க" என்று ஒரு நாள் சொன்னாள். அவர் சிரித்தார். ஒருமுறை, நீ எனக்குத்தானே ஓட்டுப் போட்டாய் என்று விளையாட்டுக்குக் கேட்டார். "ஆருக்குப் போட்டேன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க. சட்டசபைக்கே போறவரு, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். யாருக்குப் போட்டாளோ. இனி அது தெரியாது. இப்போது, இந்த நேரத்தில், அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. எழுந்து உள்ளே போய்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்கலாம் போல.

"காபிங்கண்ணா." எதிரே டம்ளர் நீண்டது. ஒன்றியச் செயலாளர் ரத்தினகிரி. விடியற்காலையிலேயே முதல் ஆளாக வந்தவன். நாற்காலி, தண்ணீர் கேன், காபி, குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர், தப்பட்டை அடிக்க ஆட்கள், மயானத்தில் நேரம் வாங்கியது எல்லாம் அவன்தான். அழுதும் இருக்கிறான், கண் சிவந்திருந்தது. இந்தத் தொகுதியை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவனும் அவனேதான். துக்கத்துக்கு ஓடியாடி வேலை செய்கிற ஆளை அமைச்சர் வந்ததும் பார்ப்பார், பார்த்ததை மறக்க மாட்டார். சென்னியப்பன் இதைக் குற்றமாக நினைக்கவில்லை. அவரும் அப்படித்தான் பார்த்திருப்பார். காபியை வாங்கிக் குடித்தார். சூடு நாக்கில் பட்டது, ருசி வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பிளெக்ஸ் எழும்பியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. மேலே தலைவர்கள் வரிசை, ஓரத்தில் அமைச்சர், நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கும் சென்னியப்பன். தேர்தலுக்கு எடுத்த படம், கடைக்காரனிடம் இருந்தது அது ஒன்றுதான். பாவாத்தாள் கீழே மூலையில், ஒரு பூ வட்டத்துக்குள், சின்னதாக. அது சுகந்தியின் கல்யாணத்தில் எடுத்தது. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். யார் கூப்பிட்டார்கள்? அவர் அன்றைக்கு மேடையில் இல்லை. மண்டப வாசலில் நின்று அப்போதைய மாவட்டச் செயலாளர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது இவள்தான் ஐயரிடம் இன்னும் இரண்டு மந்திரம் கூடச் சொல்லச் சொல்லி நேரத்தைப் பிடித்துவைத்தாளாம். பிறகு சம்பந்தி வீட்டார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவள் பாட்டுக்குக் காத்திருப்பாள். பேங்க் நாட்களில் சாயங்காலம் கணக்கு நேராகும்வரை யாரும் கிளம்பக் கூடாது. அவர் வருகிறவரை அவள் சாப்பிட மாட்டாள். சாப்பிடு என்றால், பசிக்கலீங்க என்பாள். எம்.எல்.ஏ. ஆன பிறகு எந்த நேரத்துக்கு வருவார் என்பதே கிடையாது, அப்போதும் பசிக்கவில்லைதான். ஒரே ஒரு தடவை இது தலைகீழாக நடந்தது. வங்கியின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி; ஒன்று மேனேஜரிடம், ஒன்று காசாளரிடம். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் கதவு திறக்கும். சாவிக்காரர் ஊரைவிட்டு நகர்வதானால் எழுதிக்கொடுத்து, சாவியை அடுத்த ஆள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். தாய் செத்தாலும் அப்படித்தான். சென்னியப்பன் மேனேஜரான புதிதில், ஒரு சந்தை நாளன்று விடிகாலை, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பாவாத்தாளுக்கு வலி கண்டுவிட்டது, சிக்கலாக இருக்கிறது என்று ஆள் வந்தது. கட்டின வேட்டியோடு பஸ் ஏறினார். சாவி அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது. வங்கி வாசலில் மாட்டு வியாபாரிகள், மஞ்சள் வியாபாரிகள், நகையைத் திருப்ப வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் மத்தியானம்வரை நின்றார்கள். பெட்டகம் திறக்கவில்லை. அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில், குழந்தை பிறந்து தையல் போட்டுப் படுத்திருந்தவள் அவர் உட்காரும்போது இடுப்பில் சத்தம் கேட்டு, "அதென்னங்க கிலுங்குது?" என்றாள். அவர் தொட்டுப் பார்த்து வெலவெலத்துப்போனார். பாவாத்தாள் சிரித்தாள். தையல் வலிக்குதுங்க, வலிக்குதுங்க என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். "ஊரையே நிக்க வெச்சுப்போட்டு வந்தீங்களா? எனக்காவ?" என்று கேட்டாள். விளக்கம் கேட்டு மேலே இருந்து தாள் வந்தது, ஒரு வருஷச் சம்பள உயர்வு போயிற்று. பிறகு மேடைகளில் தன் ஞாபக மறதிக்கு வேடிக்கை உதாரணமாக இதைச் சொல்வார், கூட்டம் கைதட்டும். அவள் மட்டும் வேடிக்கையாகச் சொன்னதே இல்லை. யாராவது புதுசாக வீட்டுக்கு வந்தால், காபி கொடுத்துவிட்டு, எங்க வீட்டுக்காரர் ஒருக்கா என்ன பண்ணிப்போட்டார் தெரியுங்களா என்று ஆரம்பிப்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் சொன்னாள். அவர் அவளுக்காகச் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அதுவும் மறந்து செய்தது.

"ஐயா, அண்ணன் டோல்கேட் தாண்டிட்டாருங்களாம்" என்றான் குணசீலன். இதைத்தான் அரைமணி முன்னாலும் சொன்னான். எந்த டோல்கேட் என்று சென்னியப்பன் கேட்கவில்லை. அமைச்சர்கள் எப்போதும் டோல்கேட்டைத் தாண்டிக்கொண்டே இருப்பார்கள். அவரே வராத ஊர்களுக்கு அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து சுகந்தி வாசற்படி வரை வந்து நின்றாள். கேட்கவில்லை, பார்த்தாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்றா, ஒரே ஒரு ஆள் பாக்கி என்றா, அவருக்கே தெரியாது. அவள் திரும்பிப் போனாள். அவள் முதுகு பாவாத்தாளின் முதுகு. நேற்று அவர் பேருந்து நிழற்குடை ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். மைக் முன்னால் நிற்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார்; வீடு என்று வந்தது. சாப்பிட வருவீங்களா என்று கேட்பாள். சிவப்பை அமுக்கினார். மறுபடி துடித்தது, மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை கொஞ்சம் எரிச்சலோடு. அவள் கூப்பிடவில்லை. அவள் போனிலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மா கூப்பிட்டிருக்கிறார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் அமுக்கியபோது அவருக்கு அது தெரியாதே. அமுக்கியது பாவாத்தாளைத்தான். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்றது. கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானிலேயே நின்றது. விரலில் அது இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. பிறகு நகர்ந்து, நிழற்குடைக்கு உள்ளே கல் பெஞ்ச் போடாமல் விட்டுவிட்டார்களே, ஒப்பந்தக்காரனைக் கேட்க வேண்டும் என்று போய்விட்டது.

சீட் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தார். பணம் காசுக்குக் குறைவில்லை, பென்ஷன் வரும். நாற்பது நாளில் ஊர் மறந்துவிடும், அதுவும் பரவாயில்லை. ஆனால் காலையில் எழுந்தால் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். குணசீலன் ரத்தினகிரி வீட்டு வாசலுக்குப் போயிருப்பான். கதவைத் திறந்து பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால் சமையலறையில் சத்தம் இருக்காது. மாடியில் துளசிச் செடி. கூடம். இந்தக் குளிர்பெட்டி இருக்கிற இடம் காலியாக இருக்கும். பகல் முழுக்க அந்த வீட்டோடு அவர் ஒருத்தர் மட்டும் இருக்க வேண்டும். அங்கேதான் முதல்முறையாக ஏதோ அசைந்தது. துக்கம் இல்லை அது. பயம். அந்த வீட்டுக்குள் போகாமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு தொகுதி வேண்டும். நாலு கல்யாணம், மூன்று எழவு, ஒரு பாலம் திறப்பு வேண்டும். அமைச்சருக்காகத்தான் காத்திருக்கிறார் என்று பந்தலில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். உண்மையில் பாடை வெளியே போனால் இந்தக் கூட்டமும் பின்னாலேயே போய்விடும் என்பதுதான் காரணம். அவளை இங்கே வைத்திருக்கிறவரை வீட்டில் ஆள் இருக்கிறது.

சுகந்தி மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவர் பக்கத்தில் ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையை அவர் முழங்கால் பக்கம் சாய்த்தாள், களைத்துப்போயிருந்தாள். "அப்பா, நம்ம நேரம் போவப்போவுதுங்க. மயானத்துலருந்து ரெண்டுவாட்டி போன் பண்ணிட்டாங்க." "வந்துட்டு இருக்காரு சாமி." "வரட்டுங்க. அவரு வந்து பாத்தா அம்மா எந்திரிச்சுக்குவாங்களா?" அவள் தலைமுடியில் பாவாத்தாள் தேய்க்கிற தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. காலையில் அம்மாவின் பாட்டிலிலிருந்து எடுத்துத் தேய்த்திருப்பாள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. மூக்கு இருக்கத்தான் செய்தது. "ஆகாது" என்றார். "என்னதுங்ப்பா?" "இதுக்கு மேல ஆகாது. எடுத்தரலாம் சாமி." சுகந்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கண்கள் அவரை நேராகப் பார்த்தன. அவர் எழுந்தார். பந்தல் முழுக்க எழுந்தது. குணசீலன் வாயைத் திறந்தான், அவர் பார்த்ததும் மூடிக்கொண்டான். "எடுங்க" என்றார் காளியண்ணனிடம். தப்பட்டை அதிர்ந்தது. உள்ளே பெண்களின் குரல் ஒரே நேரத்தில் மேலே ஏறியது. பெட்டியைத் திறந்து, தண்ணீர் வார்த்து, கோடித்துணி போர்த்தி, பாடையில் வைத்துக் கட்டினார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன்தான் கொள்ளி வைக்க வேண்டும். கயிற்றில் தொங்கும் நெருப்புச்சட்டியை யாரோ அவர் கையில் கொடுத்தார்கள். சட்டியின் சூடு முழங்கையில் அடித்தது. சுட்டது. நிஜமாகவே சுட்டது. கண் கரித்தது, புகையா வேறேதாவதா என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அப்படியே விட்டார். பாவாத்தா என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். தப்பட்டைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. முன்னால் போக ஓரடி எடுத்துவைத்தார்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஒன்று, பின்னாலேயே இன்னொன்று, போலீஸ்காரர் ஒருவர் விசிலடித்து ஆட்களை ஒதுக்கும் சத்தம். "ஐயா, அண்ணன் வந்துட்டாருங்க!" என்று குணசீலன் ஓடிவந்தான். சென்னியப்பன் என்ன நினைத்தார் என்று கேட்டால், ஒன்றுமே நினைக்கவில்லை. குனிந்தார். சட்டியைப் பதனமாக, சாய்ந்துவிடாமல், தரையில் வைத்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். நடந்தார் என்பதைவிட, கால்கள் கொண்டுபோயின என்பது சரி. தனக்கு முன்னால் ரத்தினகிரி போய்விடாதபடி வேகமாகவே போயின. அமைச்சர் காரைவிட்டு இறங்கினார். பாடையைப் பார்த்தார், கீழே புகைந்துகொண்டிருந்த சட்டியைப் பார்த்தார், சென்னியப்பனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை, முகம் உண்மையாகவே வாடியது. "அடடா, எனக்காகவா எடுக்காம வெச்சிருந்தீங்க? எந்நேரத்துக்கு எடுத்திருக்கணும்! காத்திருக்கச் சொல்லி நான் யாருகிட்டயும் சொல்லலியேப்பா. எடுத்திருந்தா நேரா மயானத்துக்கே வந்திருப்பேனே. பாவம், இத்தன நேரம்…" "பரவாயில்லீங்கண்ணா" என்றார் சென்னியப்பன். குரல் கணீரென்று, மேடையில் வருகிற மாதிரி சரளமாக வந்தது. "அவளுக்குக் காத்திருந்து பழக்கந்தானுங்க."

அமைச்சருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் லேசாகச் சிரித்துவிட்டு, இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். தப்பட்டைக்காரர்கள் அமைச்சருக்காக அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்; அதனால் அவர் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டிருந்தது. சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். சுகந்தி அவர் சட்டியை வைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. குனிந்து கயிற்றைப் பிடித்துச் சட்டியைத் தூக்கினாள். பொம்பளப் புள்ள தூக்கறதா என்று ஒரு கிழவி ஆரம்பித்தது, முடிக்கவில்லை. "தூக்குங்க மாமா" என்றாள் சுகந்தி. காளியண்ணனும் மற்றவர்களும் பாடையைத் தோளில் ஏற்றினார்கள், தப்பட்டை மறுபடி எழுந்தது. பெரிய மனுசங்க நிக்கறாங்க, வழி விடுங்க, அண்ணா, இந்தப் பக்கமா வாங்க என்று ரத்தினகிரி அமைச்சரையும் சென்னியப்பனையும் பிளெக்ஸ் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். நெருப்புச்சட்டியோடு மகள் அவரைத் தாண்டிப் போனாள். பின்னால் பாடை வந்தது. அமைச்சர் கைகூப்பினார். சென்னியப்பனும் பக்கத்தில், துண்டு இடுப்பில் கட்டியபடி, போகிறவர்களுக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்று, கைகூப்பினார்.